மாடனுக்குப் போதை ஏறாத கொடை

இந்தக் காலத்து ஆட்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. எதையும் தான் செய்ததாக ஒருத்தனும் ஒத்துக்கொள்வதில்லை. டிரைவர் இல்லாமல் ஓடுகிற பஸ் ஒன்று போன மாதம் எங்கள் ஊருக்குத் திரும்புகிற விலக்கில் ஒரு பசுமாட்டை இடித்துவிட்டது. கம்பெனிக்காரன் வந்தான். "எங்க பேர்ல தப்பு இல்ல, அது பஸ்ஸா எடுத்த முடிவு" என்றான். மாட்டுக்காரன், நான் அவிழ்த்துவிடவில்லை, கயிறு அறுந்துபோயிற்று என்றான். கயிறு விற்றவன் மழையில் நனைந்தால் எந்தக் கயிறும் அறும் என்றான். மழையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாததால் விவகாரம் அதோடு முடிந்தது. மாடு செத்தது செத்ததுதான்.

நான் பலவேசம். மேலப்பனையடி சுடலைமாடன் கோயிலில் நாற்பத்தொரு வருஷமாக நான்தான் சாமியாடி. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை.

ஆவணி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் கொடைத் திருவிழா. மற்ற ஊர்களில் மாடன் நடுச்சாமத்தில் வருவார். எங்கள் மாடன் உச்சி வெயிலில்தான் வருவார். வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கோயில் தலைவர் ஒரு முழு சாராய பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுப்பார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பேன். மற்ற நாள்களில் நான் அதைத் தொடுகிறவன் இல்லை; வருஷத்துக்கு அந்த ஒரு பாட்டில்தான். குடித்த கொஞ்ச நேரத்தில் கால் தரையில் பாவாது. மாடன் இறங்கிவிடுவார். ஊரில் யாருக்கு என்ன வழக்கு இருந்தாலும் அப்போது முன்னால் வந்து கேட்பார்கள், மாடன் வாக்குச் சொல்வார். போலீஸ் ஸ்டேஷனில் தீராததெல்லாம் அங்கே தீர்ந்திருக்கிறது. பிறகு நான் வேப்பமரத்து அடியில் கண் விழிப்பேன். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். சொன்னது நான் இல்லையே.

இந்த வருஷம் மாடன் முன்னால் வரப்போகிற வழக்கு என் வீட்டு வழக்கு. என் தங்கச்சி மகள் பிரமாச்சி, பிரமு என்று கூப்பிடுவோம், வைகாசி மாதம் முறிந்த கையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முறித்தவன் அவள் புருஷன் கொம்பையா. தங்கச்சியும் மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்கு என் வீடுதான் பிறந்த வீடு. இது மூன்றாம் தடவை. முந்தின இரண்டு தடவையும், இரண்டு வருஷம் முன்னாலும் போன வருஷமும், கொம்பையா கொடையில் வந்து மாடன் காலில் விழுந்தான். "போதையில கை நீண்டுட்டு சாமி, நான் நானா இல்ல" என்று அழுதான். இரண்டு தடவையும் மாடன் சொன்ன வாக்கு ஒன்றுதான்: "குடிகாரன் அறியாமச் செஞ்சான். பொறுத்துப் போ." பிரமுவும் போனாள்.

இப்போது மறுபடியும் அவளைக் கூட்டிப்போகக் கொடைக்கு வருகிறான். கோயில் தலைவர் முத்துமாலை அவனுக்குப் பெரியப்பா. நோட்டீசில் வழக்கை முதலாவதாகவே போட்டுவிட்டார்.

ஒரு நாள் நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பிரமு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, இந்தத் தடவையும் மாடன் போகச் சொன்னா?"

"மாடன் சொன்னா சொன்னதுதான்."

"கைக்குள்ள ரெண்டு இடத்துல பிளேட்டு வச்சிருக்கு மாமா. இன்னொரு தடவை முறிஞ்சா பிளேட்டு வைக்க எலும்பு இருக்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ. அடுத்த தடவை தலையில போட்டான்னா அதுக்கும் பிளேட்டா?"

"எனக்கென்னட்டி தெரியும்? அந்நேரம் நான் நானாவா இருக்கேன்?"

"அதான் மாமா எனக்குப் பயமே. நீங்க நீங்களா இருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்."

எழுந்து போய்விட்டாள். அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ மறந்துவிட்டேன்.

கொடைக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு டாக்டரம்மா வந்தாள். முப்பது வயது இருக்கும், தோளில் ஐஸ் பெட்டி.

"அண்ணாச்சி, என் பேரு ஜெசிந்தா. டவுன்ல ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து வாரேன். ஒரு சின்ன உதவி வேணும்" என்று மூடி போட்ட ஒரு டப்பாவை நீட்டினாள்.

"இதுல என்ன போடணும்?"

"காலையில வெளிக்குப் போவீங்கல்லா, அதுல கொஞ்சம்."

எழுபத்திரண்டு வயதில் என்னிடம் வாக்குக் கேட்டிருக்கிறார்கள், திருநீறு கேட்டிருக்கிறார்கள், தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

"ஊர்ல எல்லாரும் குடுத்துட்டாங்க அண்ணாச்சி. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"ஊர் குடுத்தா நானும் குடுக்கணுமா? எதுக்குன்னு சொல்லும்மா முதல்ல."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஊர்ல இப்ப எவ்வளவு குடிச்சாலும் எவனுக்கும் போதை ஏறாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கதையா இருக்கே. நேத்துகூட கொம்பையா பஸ் ஸ்டாப்புல உருண்டான். நாலு பேரு தூக்கிட்டுப் போனாவ."

"உருண்டிருப்பாரு. போதையில இல்ல."

"பின்ன?"

"பழக்கத்துல."

படித்தவர்கள் பேச்சே இப்படித்தான். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பாக்கு வெட்டத் தொடங்கினேன். அவள் என் பாக்குவெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தன வருஷமா இருக்கு?"

"எங்க அய்யா காலத்துது."

"எவ்வளவு பாக்கு வெட்டியிருக்கும்?"

"வண்டி வண்டியா வெட்டியிருக்கும்."

"பாக்கு துண்டாச்சு. வெட்டி அப்படியே இருக்கு, இல்லையா? நம்ம உடம்புக்குள்ளயும் இப்படி ஆயிரக்கணக்குல வெட்டி இருக்கு. நொதின்னு பேரு. சோத்தைச் சக்கரையாக்க ஒண்ணு, கறியைக் கரைக்க ஒண்ணு, எண்ணெயைப் பிரிக்க ஒண்ணு. வாயில சோத்தை வச்சதுமே எச்சில்ல இருக்கிறது வேலையை ஆரம்பிச்சிரும். வேலையை முடிச்சிட்டு, தான் செலவாகாம, அடுத்த பாக்குக்கு வாயைத் தொறக்கும். கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள நூத்துக்கணக்குல வெட்டிரும். அது இல்லேன்னா மத்தியானம் தின்ன சோறு செரிக்க வருஷக்கணக்கா ஆவும்."

"தேங்காயை வெட்டுமா?"

"உங்க வெட்டி வெட்டுமா?"

"வாயி பத்தாது."

"அதேதான். ஒரு வெட்டிக்கு ஒரு பாக்கு. வாய் பொருந்தினாத்தான் வெட்டும். சாராயத்துக்கும் அப்படிக் கல்லீரல்ல ரெண்டு வெட்டி இருக்கு. முதல் வெட்டி சாராயத்தை வேறொரு விஷச் சரக்கா மாத்தும். மறுநாள் குமட்டலுக்கும் தலைவலிக்கும் அதுல பங்கு உண்டு. ரெண்டாவது வெட்டி அந்தச் சரக்கைப் புளிச்ச காடி மாதிரி ஆக்கிரும். அப்புறம் உடம்பு அதைச் சுள்ளி மாதிரி எரிச்சிச் சூடாக்கிக்கிடும். ஆனா கல்லீரல் மெள்ளத்தான் வெட்டும். நீங்க வேகமாக் குடிச்சா வெட்டாத பாக்கு குவிஞ்சிரும். அந்தக் குவியல்தான் அண்ணாச்சி போதை."

போதையைப் பாக்குக் குவியல் என்று சொன்னவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சரி, இப்ப ஏன் குவியல?"

"தயிர்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும்லா? அதுக்கு இந்த ரெண்டு வெட்டியையும் நாங்க செஞ்சு குடுத்தோம். அது குடல்ல குடியிருந்துக்கிட்டு, சாராயம் ரத்தத்துல கலக்குறதுக்கு முன்னாலயே வெட்டிப் போட்டுரும். குடியை விடணும்னு தானா வந்த நாப்பது பேருக்கு மட்டும் குடுத்தோம். கையெழுத்து வாங்கி, ஒரு ஆளுக்கு ஒரு பொட்டலம்."

"நாப்பது பேருக்குக் குடுத்தது ஊர் பூரா எப்படி வந்துச்சு?"

அதுவரை கடகடவென்று பேசியவள் தரையைப் பார்த்தாள். "தண்ணியில கலக்கிக் குடிக்கச் சொல்லித்தான் பொட்டலத்துல எழுதியிருந்தோம். வீட்டுப் பொம்பளைங்க அதைப் பால்ல ஊத்தி உறை போட்டுட்டாங்க."

"சரி."

"தயிர் வெட்டியெடுக்கிற மாதிரி கட்டியா இருந்துச்சாம். பக்கத்து வீட்டுல பாத்துட்டு உறைமோர் கேட்டாங்களாம். குடுத்தாங்களாம். அவங்க வீட்டுலேருந்து அடுத்த வீடு. இந்த ஊர்லேருந்து கட்டிக்குடுத்த பிள்ளைங்க தூக்குவாளியில கொண்டு போயிருக்கு. இப்ப மூணு தாலுகா."

நான் வெற்றிலைச் சாறு புரையேறும்வரை சிரித்தேன். "எத்தன வருஷம் படிச்சே தாயி?"

"எல்லாம் சேத்து இருபத்திரெண்டு வருஷம்."

"உறைமோர் கேட்டா எவளும் இல்லைன்னு சொல்ல மாட்டான்னு அதுல ஒரு வருஷமும் சொல்லித் தரலியா?"

"ஹாஸ்டல்ல பாக்கெட் தயிர் அண்ணாச்சி" என்றாள் பரிதாபமாக.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "நான் யார் வீட்டுத் தயிரும் வாங்குறதில்ல. எனக்கு அது கிடையாது."

"சித்திரையில கோயில் பக்கம் நீர்மோர்ப் பந்தல் போட்டாங்களே?"

வருஷா வருஷம் போடுகிறார்கள். நானும் வருஷா வருஷம் குடிக்கிறேன். ஓசி மோர் என்பதால் ஒரு தம்ளரோடு நிற்பதும் இல்லை.

டப்பாவை வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவள் அதைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு அண்ணாச்சி. நல்லா இருக்கு" என்றாள், மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்கிற மாதிரி.

நான் நம்பவில்லை. நம்பாமலேயே பயந்தேன். பாட்டில் வேலை செய்யாவிட்டால் மாடன் எப்படி வருவார்? மாடன் வராவிட்டால் பிரமுவின் வழக்கை யார் தீர்ப்பது? முத்துமாலை தீர்ப்பார். எப்படித் தீர்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அதைக் கொல்ல வழி இல்லையா?" என்று கேட்டேன்.

"கொதிக்க வச்சா நொதி கெட்டுரும். அவிச்ச முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆவாதுல்லா, அது மாதிரி."

இது போதும் என்று வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் குடித்தேன். நாக்கு வெந்து, மேலண்ணத்தில் தோல் உரிந்து, சோற்றில் உப்பு இருக்கிறதா என்று தெரியாமல் போயிற்று. "வயித்துக்குள்ள போறப்ப ஆறிரும் அண்ணாச்சி" என்று அவள் நாலாம் நாள் சொல்கிறாள். முதல் நாளே சொல்லியிருக்கலாம். பிறகு விளக்கெண்ணெய் குடித்தேன். அன்றைக்கு முழுக்க நான் வீட்டுக்குள் இருந்த நேரம் குறைவு. பிரமு வாசலில் நின்று, "மாமா, விரதம்னா அரிசிச் சோறு சாப்பிடாம இருப்பாவ. நீங்க குடலையே கழட்டிப் போடுதியளே" என்றாள்.

அடுத்த நாள் சாயந்தரம் தொழுவத்தில் மறைந்து நின்று ஒரு குவாட்டர் குடித்துப் பார்த்தேன். மாடனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் குடித்தேன். ஏப்பம் வந்தது. காடி வாடை அடித்தது. மேலெல்லாம் வேர்த்தது. அவ்வளவுதான். நேரே டாக்டரம்மாவிடம் போனேன். குடித்திருந்தால் காட்டிக்கொடுக்குமாம், ஊதுகிற கருவி ஒன்றை நீட்டினாள். ஊதினேன்.

"பூஜ்யம்" என்றாள்.

"உன் கருவி கெட்டுப்போச்சு."

அவள் கைப்பையிலிருந்து சாராயம் கலந்த கை கழுவுகிற மருந்தை எடுத்துக் கையில் லேசாகப் பூசி அதன் முன்னால் காட்டினாள். கருவி காரை மறித்த போலீஸ்காரன் மாதிரி கத்தியது.

கொடை நாள் வந்தது. கூட்டம் பந்தலை மீறி ரோடுவரை நின்றது. ஆகாயத்திலிருந்து பூத் தூவ இரண்டு ட்ரோன் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஒன்று பூவைத் தூவியது, இன்னொன்று பூக்கூடையையே போட்டுவிட்டது. வில்லுப்பாட்டுக்காரி மாடன் பிறப்பைப் பாடி, மாடன் மலையாளம் போனதைப் பாடி, உச்சத்துக்குக் கொண்டுவந்தாள். முத்துமாலை பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். அண்ணாந்து குடித்தேன்.

மேளம் காதைப் பிளந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மாடனுக்காகக் காத்திருந்தேன். முதுகு அரித்தது. நாற்பத்தொரு வருஷத்தில் மாடன் வருகிற நேரத்தில் எனக்கு முதுகு அரித்ததில்லை. கண்ணைத் திறந்தால் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. மூன்றாம் வரிசையில் ஒருத்தன் என் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பதுகூடத் தெரிந்தது.

முத்துமாலை காதருகே வந்தார். "என்னவே பலவேசம், மாடன் எங்க?"

"வாராரு."

"வாராரா? பஸ்ஸுக்கா நிக்காரு?"

இன்னொரு பாட்டிலை வாங்கிக் குடித்தேன். மேலும் வேர்த்தது. வயிறு பொங்கியது. ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. மாடனுக்கு ஒன்றுக்கு வந்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆடித் தொலைக்கலாம் என்று ஒரு காலைத் தூக்கினேன். தூக்கிய கால் தரையில் வந்து சரியாக ஊன்றிக்கொண்டது. தள்ளாடுவதற்குக்கூட ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

அந்த நேரத்தில் கொம்பையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். என்ன தள்ளாட்டம்! இடது பக்கம் நாலடி, வலது பக்கம் மூன்றடி. வேட்டி அவிழ்கிறது, ஒரு கை அதைப் பிடிக்கிறது. கண் செருகிப்போயிருக்கிறது. "மாடா!" என்று வாய் குழறியது. "குடிகாரப் பயதான் நான்! அறியாமச் செஞ்சேன்! என் பொண்டாட்டியை என்கூட அனுப்பு மாடா!"

நான் அவனையே பார்த்தேன். இரண்டு முழு பாட்டிலைக் குடித்துவிட்டு நான் மின்கம்பம் மாதிரி நிற்கிறேன். இவன் மிஞ்சி மிஞ்சிப் போனால் ஒரு குவாட்டர் குடித்திருப்பான். என்னைவிட நன்றாக ஆடுகிறான். நாற்பத்தொரு வருஷம் ஆடியவனுக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்று தெரியும். நிஜமாகத் தள்ளாடுகிறவன் வேட்டியைப் பிடிக்க மாட்டான்.

"மேளத்தை நிறுத்துங்கலே" என்றேன். நின்றது. "டாக்டரம்மா, அந்த ஊதுற பெட்டியைக் கொண்டா."

அவள் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். கொம்பையா முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் ஊத மறுத்தான். "மாடன் சொல்லுதேன், ஊதுலே" என்றேன். ஊதினான்.

"பூஜ்யம்" என்றாள் அவள். அந்தப் பெட்டியின் திரையைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தாள்.

கொம்பையா திரையைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவன் தள்ளாட்டம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றும்போது நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான். பெண்கள் பக்கத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு அந்தப் பந்தலே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. "வைகாசி மாசம் இவ கையை முறிச்சியே, அன்னைக்குக் குடிச்சிருந்தியாலே?"

"ஆமா மாடா. ரெண்டு குவாட்டர்."

"டாக்டரம்மா, வைகாசியில இந்த ஊர்ல உன் பூச்சி உண்டா?"

"உண்டு."

"இவன் குடலுல?"

"அவரு குடுத்த டப்பாவுலயும் உண்டு. வைகாசியில அவரு வீட்டுலேருந்து எடுத்து நாங்க ஐஸ்ல வச்சிருந்த தயிர்லயும் உண்டு. சோதிச்சாச்சு."

"அப்ப ரெண்டு குவாட்டர் குடிச்சா?"

"ரெண்டு தம்ளர் மோர் குடிச்ச மாதிரிதான். மோர்ல உப்பாவது இருக்கும்."

"கேட்டியாலே கொம்பையா? கையை முறிச்சது சாராயம் இல்ல. நீ. நல்லா முழிச்சிருந்து, எந்தக் கைன்னு பாத்து முறிச்சிருக்கே. பிள்ளை உன்கூட வராது. இந்த ஊர் எல்லையில நீ அவ பக்கத்துல போவக்கூடாது. போனா ஊர்க் கட்டுப்பாடு உண்டு, போலீஸும் உண்டு."

முத்துமாலை குதித்தார். "இது மாடன் வாக்கு இல்ல! இந்த ஆளுக்குச் சாமியே வரல. பாருங்க எல்லாரும், நேரா நிக்காரு! தெளிவாப் பேசுதாரு! மாடன் எப்பவே இவ்வளவு தெளிவாப் பேசியிருக்காரு?"

கூட்டம் என்னைப் பார்த்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை.

பிரமு முன்னால் வந்தாள். பிளேட் வைத்த கையை இன்னொரு கையால் தாங்கியிருந்தாள். "சாமி வந்து சொன்னதை ரெண்டு தடவை கேட்டாச்சு பெரிய மாமா" என்றாள் முத்துமாலையிடம். "வராமச் சொன்னதை ஒரு தடவை கேட்டுக்கிடுதேன்."

வில்லுப்பாட்டுக்காரி குடத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பெண்கள் குலவை போட்டார்கள். குலவைக்கு மேல் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. கொம்பையா போனான். ஒரு அடிகூடப் பிசகாமல், கோடு கிழித்த மாதிரி நடந்து போனான். அவன் அப்படி நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் முதல் வேலையாக ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை மயங்கி விழாமல் நானாக நடந்துவந்து உட்கார்ந்தேன். பிரமு எனக்கு இளநீர் வெட்டி வாங்கிவந்தாள். டாக்டரம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"பயந்துக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி. கையெழுத்துப் போடாதவங்க வயித்துக்குள்ள எங்க சாமான் போயிட்டுன்னு எங்க மேல விசாரணை வருது. வரட்டும், தப்பு எங்க தப்புதான். ஆனா இன்னைக்கு ஒரு பிள்ளைக்காவது உபயோகப்பட்டுச்சே. வைகாசின்னு நீங்க கேட்டதும் எனக்கு ஒரு நொடி தூக்கிப்போட்டுச்சு. அப்புறம் யோசிச்சா, எந்த மாசத்தைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான்."

"எந்த மாசம்னாலுமா? பந்தல் போட்டது சித்திரையிலதானே? அதுக்கு முன்னால கேட்டா?"

"இந்தச் சித்திரை இல்ல அண்ணாச்சி, போன வருஷச் சித்திரை. நாங்க மாசா மாசம் ஊர்ச் சாக்கடைத் தண்ணியை எடுத்து ஐஸ்ல வச்சிருக்கோம். இப்பத்தான் எல்லாத்தையும் சோதிச்சோம். போன வருஷம் ஆடியிலயே ஊர் முழுக்க வந்துட்டு. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒருத்தர்கூடப் போதையில இருந்ததில்ல. சும்மா குடிச்சாங்க, குடிச்சிட்டோம்னு நினைச்சாங்க, ஆடுனாங்க."

பிரமு இளநீரை என் கையில் கொடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. ஆடிக்கு அடுத்த மாதத்தை எண்ணினாள். ஒரு மாதத்தை எண்ண அவ்வளவு நேரம் ஆகாது.

"போன ஆவணியில கொடை நடந்துச்சு" என்றாள்.

"நடந்துச்சு" என்றேன்.

"ஒரு பாட்டில் குடிச்சிய."

"எனக்குச் சாமி வந்துச்சு. ஊரே பாத்துச்சு. ரெண்டு பேரு பிடிச்சும் அடங்கல."

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். "வந்திருக்கும் அண்ணாச்சி" என்றாள் அவசரமாக. "நான் சாமியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. எனக்கு அது தெரியாது. சாராயத்தைப் பத்தி மட்டும்தான் சொன்னேன்."

"உன் கணக்கு தப்பு."

"நாலு தடவை சரிபாத்தோம் அண்ணாச்சி."

"நாலு தடவையும் தப்பு. சாக்கடைத் தண்ணியை ஐஸ்ல வச்சிப் பாத்தா அது வருஷம் மாசமெல்லாம் சொல்லுமாக்கும்? எந்தச் சாக்கடை எந்த ஊர்ச் சாக்கடைன்னு யாரு கண்டா? உறைமோர் சங்கதியே தெரியாதவங்க நீங்க."

பிரமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

போன வருஷம் இதே மரத்தடியில் கண் விழித்தபோது எனக்குத் தலை வலிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, வலித்தால்தானே சொல்வார்கள். இன்னொன்று. போன கொடையில் மாடன் வாக்குச் சொன்னபோது இவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள், முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள், ஒரு தடவை 'மாமா' என்று மெதுவாகச் சொன்னாள். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாராவது பிறகு சொல்லியிருப்பார்கள். சேலை நிறம்வரைக்கும் சொல்கிற ஆட்கள் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இளநீரை வாங்காமல் எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். இருபத்திரண்டு வருஷம் படித்துவிட்டுச் சாக்கடையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்களோடு எனக்கு என்ன பேச்சு. கோயிலைச் சுற்றிக்கொண்டு போகாமல் ஓடைக்கரை வழியாக வீட்டைப் பார்த்து நடந்தேன். கால் பிசகாமல்தான் போயிற்று.

பின்னால் பிரமு, "மாமா" என்று கூப்பிட்டாள்.

எழுபத்திரண்டு வயதில் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். நடந்தேன்.